வலுவேறாக்கம்: ஏட்டிலும் யாழ்ப்பாணத்து நடப்பிலும்

அரசு செய்யும் வேலைகளை மூன்றாக வகுக்கலாம். சட்டம் இயற்றுவது ஒன்று. இயற்றிய சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அடுத்தது. சட்டத்தின் பேரில் எழும் பிணக்கைத் தீர்ப்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் குடிமக்களின் சுதந்திரம் நிலைக்காது என்று பிரான்சிய அறிஞர் மொன்டெஸ்கியூ 1748இல் எழுதினார். இதுவே வலுவேறாக்கக் கோட்பாடு. ஐக்கிய அமெரிக்கா இக்கோட்பாட்டின் மேல் தன் அரசைக் கட்டியது. பிரித்தானிய மரபில் வந்த இலங்கை அதை அரைகுறையாகவே ஏற்றது. பின்னர் ஒருமுறை வெளிப்படையாகவே கைவிட்டது. 1978இல் வேறொரு வடிவில் மீண்டும் எழுதிக்கொண்டது. அந்த எழுத்து வடமாகாணத்தில் எப்படி நடந்திருக்கிறது என்பதைச் சில வழக்குகளைக் கொண்டு பார்த்தால்தான் மூன்று துறைகளின் உண்மையான அளவு தெரியும்.

அமெரிக்க மாதிரி

1787இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட அரசியலமைப்பின் முதல் உறுப்புரை காங்கிரசையும், இரண்டாவது சனாதிபதியையும், மூன்றாவது நீதிமன்றங்களையும் பற்றியது. காங்கிரசுக்கு இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். செனட் சபையில் மாநிலத்துக்கு இருவராக 100 பேர். சனாதிபதியோ அவருடைய அமைச்சர்களோ காங்கிரசில் உறுப்பினராக இருக்க முடியாது. சனாதிபதியால் காங்கிரசைக் கலைக்க முடியாது. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகக் காங்கிரசால் சனாதிபதியை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

பிரித்து வைத்ததோடு வேலை முடியவில்லை. ஒன்றை ஒன்று தடுக்கும் வழிகளும் அதிலே உண்டு. காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமூலத்தைச் சனாதிபதி மறுத்துத் திருப்பலாம். இரு அவைகளும் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் அந்த மறுப்பைத் தாண்டலாம். நீதியரசர்களைச் சனாதிபதி பெயர் குறிக்கிறார், செனட் இணங்க வேண்டும். நியமனம் பெற்றவர் நன்னடத்தை உள்ளவரை ஆயுள் முழுதும் பதவி வகிக்கலாம். சனாதிபதி மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டினால் செனட் விசாரிக்கிறது; அந்த விசாரணைக்குத் தலைமை தாங்குபவர் பிரதம நீதியரசர். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது ஏட்டில் நேராக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி எதிர் மடிசன் வழக்கில் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் அதை நிலைநாட்டினார். ஒரு சட்டம் எத்தனை ஆண்டு பழையதானாலும் அமெரிக்க நீதிமன்றம் அதைத் தொடலாம். இலங்கையோடு ஒப்பிடும்போது மனத்தில் வைக்க வேண்டிய முக்கியமான வேறுபாடு இது.

சோல்பரி யாப்பு முதல் 1972 வரை

1947இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி யாப்பு வலுவேறாக்கத்தைப் பெயர் சொல்லி எழுதவில்லை. பிரதமரும் அமைச்சர்களும் பாராளுமன்றத்துக்குள் இருந்தே வந்தார்கள். ஆயினும் எந்த ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை இயற்றக் கூடாது என்று 29ஆம் பிரிவு பாராளுமன்றத்துக்கு எல்லை குறித்தது. அந்த எல்லையைக் காக்கும் இறுதி மன்றம் இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில்.

நீதித்துறை தன் எல்லையை உறுதியாகக் காத்த வழக்கு, 1962 சனவரி இராணுவப் புரட்சி முயற்சியைத் தொடர்ந்து வந்தது. பிடிபட்டவர்களைத் தண்டிப்பதற்கென்றே ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னர் வந்த அச்சட்டம் குறைந்தபட்சத் தண்டனையை நிர்ணயித்ததோடு, வழக்கை விசாரிக்கும் மூன்று நீதியரசர்களைப் பெயர் குறிக்கும் அதிகாரத்தையும் நீதியமைச்சருக்குக் கொடுத்தது. அப்படிப் பெயர் குறிக்கப்பட்ட நீதியரசர்களே, தம்மை நியமிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லை என்று 1962இல் தீர்ப்பளித்தார்கள். சட்டம் திருத்தப்பட்டு, வேறு அமர்வு கூடி, பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965இல் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்துத் தீர்ப்பை முன்கூட்டியே எழுதுவது போன்ற சட்டம் நீதி அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்பது அதன் முடிவு. லியனகே எதிர் மகாராணி என்ற இவ்வழக்கைப் பொதுநலவாய நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

தமிழரை நேரடியாகத் தொட்டது கோடீஸ்வரன் வழக்கு. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய செல்லையா கோடீஸ்வரனுக்கு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்பதால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்று அவர் வாதிட்டார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அதை ஏற்றது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி அத்தீர்ப்பைப் புரட்டியது. 1969இல் பிரிவிக் கவுன்சில், வழக்குத் தொடர உரிமை உண்டு என்று கூறி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த ஆராய்வு நடக்கவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சில் மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் புதிய குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவும் அதனோடு போயிற்று.

1972 யாப்பு, தேசிய அரசுப் பேரவையே அரச அதிகாரத்தின் மீயுயர் கருவி என்று அறிவித்தது. சட்டவாக்கம், நிறைவேற்றல், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் பேரவையிலேயே குவிந்தன. நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்றும் எழுதப்பட்டது. இந்த யாப்பைச் சவாலுக்கு உட்படுத்திய வழக்கு யாழ்ப்பாணத்தில் முளைத்தது. 1976இல் குடியரசு தினத்தையொட்டித் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததாக அ. அமிர்தலிங்கம் முதலான தமிழ் அரசியல் தலைவர்கள் மீது அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் குற்றம் சாட்டப்பட்டு, யூரிகள் இன்றி மூன்று நீதிபதிகள் முன் விசாரணை தொடங்கியது. எதிரிகள் தரப்பில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம், மு. திருச்செல்வம் ஆகியோரோடு பெருந்தொகையான சட்டத்தரணிகள் தோன்றினர். அரசியலில் எதிர் எதிர் முகாம்களில் நின்ற செல்வநாயகமும் பொன்னம்பலமும் ஒரே மேசையில் அமர்ந்த வழக்கு அது. அவசரகால ஒழுங்குவிதிகள் செல்லாது என்ற வாதத்தை அந்த அமர்வு ஏற்றது. உயர் நீதிமன்றம் பின்னர் அதை மாற்றியது.

1978 யாப்பில் மூன்று துறைகள்

1978 செப்டம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த இன்றைய யாப்பின் 3ஆம் உறுப்புரை இறைமையை மக்களிடம் வைக்கிறது. 4ஆம் உறுப்புரை அதைப் பகிர்கிறது. சட்டவாக்க அதிகாரம் பாராளுமன்றத்துக்கும், சர்வசன வாக்கெடுப்பின் வழியே மக்களுக்கும். நிறைவேற்று அதிகாரம் சனாதிபதிக்கு. நீதி அதிகாரம் நீதிமன்றங்கள் வாயிலாகப் பாராளுமன்றத்துக்கு. நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்று அமெரிக்க யாப்பைப் போல நேராகச் சொல்லாமல், பாராளுமன்றம் நீதிமன்றங்கள் வாயிலாகப் பிரயோகிப்பது என்று இலங்கை யாப்பு சொல்கிறது. இதன் விளைவு, கீழே பார்க்கவிருக்கும் பிரதம நீதியரசர் பதவி நீக்கத்தில் வெளிப்படும்.

பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையைக் கொண்டு ஆசனங்கள் பகிரப்படுவதால், இடப்பெயர்வும் வெளிநாட்டுக் குடிபெயர்வும் இங்கு நேராகக் கணக்கில் விழுந்தன. 2010இல் 9 ஆசனங்கள், 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6.

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாகும். பின்னர் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும். அதன் பின் குறிக்கப்பட்ட நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தை அனுப்ப வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றிலிரண்டு தேவையா, அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதை அது சொல்லும். நிறைவேறிய சட்டமூலத்துக்குச் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், 80ஆம் உறுப்புரையின்படி அச்சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. சனாதிபதிக்கு மறுப்பு அதிகாரமும் இல்லை. அமெரிக்காவில் சட்டம் பிறந்த பிறகு எப்போதும் திறந்திருக்கும் கதவு, இங்கே சட்டம் பிறப்பதற்கு முன் சில நாட்களே திறந்திருக்கிறது.

அந்தச் சில நாட்களும் கிடைக்காத காலம் இருந்தது. 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டு விரைவில் நிறைவேறியது. அமைச்சரின் கட்டளையால் ஒருவரை மும்மாதம் மும்மாதமாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022இல் இந்த உச்ச எல்லை பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. நீதவான் செய்ய வேண்டிய வேலையை அமைச்சரின் கையெழுத்து செய்யும் இந்த ஏற்பாட்டை, நிறைவேறிய சட்டம் என்ற காரணத்தால், நீதிமன்றத்தால் நீக்க முடியாது.

நிறைவேற்றுத்துறையின் தலைவர் சனாதிபதி. மக்கள் நேரடியாகத் தெரிந்தெடுப்பதில் அவர் அமெரிக்கச் சனாதிபதியை ஒத்தவர் போலத் தோன்றுவார். ஆனால் அவருடைய அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்தே ஆக வேண்டும். அமைச்சரவை பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூற வேண்டும். பாராளுமன்றத்தைக் குறித்த காலத்தின் பின் கலைக்கவும் அவரால் முடியும். 2015இன் 19ஆம் திருத்தம் இந்தக் காலத்தை நான்கரை ஆண்டாக நீட்டியது. 2020இன் 20ஆம் திருத்தம் இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இன் 21ஆம் திருத்தமும் இரண்டரை ஆண்டையே வைத்துக்கொண்டது. உயர் நீதிமன்ற நியமனங்களில் சனாதிபதியைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவையும் இவ்வாறே 2001இல் தோன்றி, 2010இல் ஒழிந்து, 2015இல் மீண்டு, 2020இல் வலுவிழந்து, 2022இல் திரும்ப வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஐந்து முறை எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது.

நீதித்துறையின் அடித்தளம் ஊருக்குள்ளேயே உள்ளது. யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் மாகாண மேல் நீதிமன்றம் உண்டு. மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கொழும்பு புதுக்கடையில். அடிப்படை உரிமை மீறலுக்கான மனுவை உயர் நீதிமன்றத்தில் மட்டுமே, அதுவும் ஒரு மாதத்துக்குள், தாக்கல் செய்ய வேண்டும். பருத்தித்துறையில் ஒருவருக்கு நேர்ந்த மீறலுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தள்ளியே பரிகாரம்.

வடமாகாணத்தில்

1987இன் 13ஆம் திருத்தம் மாகாண மட்டத்தில் இரண்டு துறைகளை உண்டாக்கியது. நியதிச்சட்டம் இயற்றுவது மாகாண சபை. நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். அவர் முதலமைச்சரும் அமைச்சர் வாரியமும் தரும் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். ஆனால் ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் தேவை. அவர் அதைத் திருப்பி அனுப்பலாம், சனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கும் போகச் செய்யலாம். அமெரிக்க மாநிலமொன்றில் ஆளுநரை அம்மாநில மக்களே தெரிந்தெடுக்கிறார்கள். மாநிலத்துக்கெனத் தனி உயர்நிலை நீதிமன்றமும் உண்டு. இங்கே மாகாண மேல் நீதிமன்றம் மாகாணத்தின் பெயரைத் தாங்கினாலும் மாகாண சபைக்கு அதன் மேல் எந்த அதிகாரமும் இல்லை.

வடக்கும் கிழக்கும் 1988 செப்டம்பரில் சனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் பிரகடனத்தால் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. அதற்கு வழிசெய்ய அவர் அவசரகால ஒழுங்குவிதியைக் கொண்டு சட்டத்தின் நிபந்தனையை மாற்றியிருந்தார். அது செல்லாது என 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் வைத்த நிபந்தனையை நிறைவேற்றுத்துறை ஒழுங்குவிதியால் மாற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வலுவேறாக்கத்தின் பெயரால் தமிழர் ஓர் அலகை இழந்த வழக்கு இது.

வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பர் 21இல் நடந்தது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. உயர் நீதிமன்ற முன்னாள் நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். சபை கைதடியில் கூடியது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பின் ஆளுநரே மாகாணத்தை நடத்தி வருகிறார். நியதிச்சட்டம் இயற்ற யாரும் இல்லை; ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல அமைச்சரும் இல்லை.

இரண்டு மோதல்கள்

வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலம் 2012 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. மாகாண விடயங்களைத் தொடுவதால் அதை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எட்டுச் சபைகள் இணங்கின. வடக்கில் அப்போது சபையே இல்லை. ஆளுநர் தாமே இணக்கம் எழுதிக் கொடுத்தார். தெரிந்தெடுக்கப்பட்ட சபையின் கருத்தை ஆளுநர் சொல்ல முடியாது, ஆகவே மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று நீதிமன்றம் அடுத்துத் தீர்மானித்தது.

இந்த மோதலின் நடுவே, 2012 நவம்பர் முதலாம் திகதி பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப் பிரேரணை 117 உறுப்பினர்களின் கையெழுத்தோடு சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. விசாரித்தது பதினொருவர் கொண்ட பாராளுமன்றத் தெரிவுக்குழு. எதிரணியின் நால்வரும் வெளிநடப்புச் செய்தனர். ஒரு நீதியரசரை விசாரிக்கும் அதிகாரத்தை நிலையியற் கட்டளையால் தெரிவுக்குழுவுக்குக் கொடுக்க முடியாது, சட்டம் தேவை என்று உயர் நீதிமன்றம் பொருள்கோடல் வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை நீக்கியது. பாராளுமன்றம் இரண்டையும் புறக்கணித்து 2013 சனவரி 11இல் 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணையை நிறைவேற்றியது. இரு நாளில் சனாதிபதி அவரைப் பதவி நீக்கினார். 2014இல் வேறோர் உயர் நீதிமன்ற அமர்வு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் ஆணையை இரத்துச் செய்தது; 2015 சனவரியில் ஆட்சி மாறியதும் அவர் பதவிக்கு மீண்டு மறுநாளே ஓய்வு பெற்றார். யாப்பின் ஒரு முரண் இங்கே தெளிவாகிறது. சனாதிபதியை நீக்க உயர் நீதிமன்றத்தின் விசாரணையும் மூன்றிலிரண்டு வாக்கும் வேண்டும். பிரதம நீதியரசரை நீக்கப் பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரின் வாக்கே போதும்.

இரண்டாவது மோதலில் விளைவு மறுபுறமானது. 2018 ஒக்டோபர் 26இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். பெரும்பான்மை கிடைக்காதபோது நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். நான்கரை ஆண்டு அப்போது முடிந்திருக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றம் சென்றனர். சனாதிபதியின் உத்தியோகச் செயலைச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கிக் கேள்வி கேட்க 19ஆம் திருத்தம் வழி திறந்திருந்ததால்தான் அது இயன்றது. நவம்பர் 13இல் இடைக்காலத் தடை. டிசம்பர் 13இல், கலைப்பு யாப்புக்கு முரண் என ஏழு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பு. இதற்கிடையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதிய அமைச்சரவை இயங்கத் தடை விதித்திருந்தது. டிசம்பர் 15இல் மகிந்த ராஜபக்ச விலகினார். தீர்ப்பு தாங்கி நிற்பது இரா. சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்ற பெயரை.

குடிமக்களுக்குத் திறந்துள்ள வாசல்கள்

மூன்று துறைகளில் வடக்கின் அன்றாடத்தில் கூடுதலாகத் தலைகாட்டுவது நிறைவேற்றுத்துறை. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், கச்சேரி, பொலிஸ், படை எல்லாம் அதன் கைகள். அதன் செயலைச் சவாலுக்கு உட்படுத்தப் பல வழிகள் உண்டு. பொது அதிகாரியின் சட்டவிரோத முடிவுக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம்; மாகாண விடயமானால் மாகாண மேல் நீதிமன்றமே போதும். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைப் படைத் தேவைக்குச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் எழுத்தாணை கோரி மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். ஆளைக் காணவில்லை அல்லது சட்டவிரோதமாகத் தடுத்து வைத்துள்ளார்கள் என்றால் ஆட்கொணர்வு மனு உண்டு. அதை யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்திலும் கொடுக்கலாம். 1996இல் நாவற்குழியில் காணாமற்போன இளைஞர்கள் தொடர்பில் 2017இல் கூட அங்கே மனுக்கள் தாக்கலாயின. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத எல்லை உண்டென்றாலும், அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் உள்ளது.

இந்த வழிகள் வேலை செய்யும் விதத்துக்கு அண்மைய எடுத்துக்காட்டு 2025இல் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் 28 வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகும் என்று அறிவித்தது. அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்தில். காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்தவர்கள், உரிமையாளர் இறந்து முதுசம் பிரிக்கப்படாத குடும்பங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மூன்று மாதம் எப்படிப் போதும் என்பதே கேள்வி. சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றத்தை நாடினார். யூன் 27இல் இடைக்காலத் தடை பிறந்தது. அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது. இங்கே நீதிமன்றம் தடுத்தது வர்த்தமானி அறிவித்தலை. அதற்கு அதிகாரம் கொடுத்த கட்டளைச் சட்டம் அப்படியே இருக்கிறது.

இலங்கையில் மூன்று துறைகளும் ஒன்றையொன்று தாமாகத் தடுப்பது அரிது. யாராவது ஒருவர், உரிய நாளுக்குள், உரிய மன்றத்தில் மனுவோடு நிற்கும்போதே தடை செயற்படுகிறது. சட்டமூலத்துக்கு ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின் உள்ள நாட்கள், உரிமை மீறலுக்கு ஒரு மாதம், காணி அறிவித்தலுக்கு அதில் குறித்த தவணை ஆகியவையே அந்த எல்லைகள். அவற்றைத் தவறவிட்டால் சட்டமூலம் கேள்வி கேட்க முடியாத சட்டமாகும்; அறிவித்தல் முடிந்த காரியமாகும். நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று யாப்பு திருத்தப்படும் வரை, வர்த்தமானியை வந்த அன்றே வாசிக்கும் சட்டத்தரணிகளையும் பொது அமைப்புகளையும் நம்பியே வடக்கில் வலுவேறாக்கம் இயங்குகிறது.